பிடி அரிசியும் டாலரும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'கம்பேஷன் இன்டர்நேஷனல்' என்ற சுவிசேஷக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம், 48 ஆண்டுகள் நடத்திவந்த தனது இந்தியப் பணியை 2017 மார்ச் 15 அன்று முடித்துக்கொண்டது. அப்போது அதன் பட்டியலில் இருந்த இந்தியக் குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 1,45,000. வெளிநாட்டில் வாழும் ஒரு குடும்பம் அப்போது மாதம் 38 டாலர் செலுத்திவந்தது. ஒரு குழந்தையின் பெயரையும் படத்தையும் பெற்றுக்கொண்டு அதற்குக் கடிதம் எழுதும். அந்தப் பணத்தில் உள்ளூர்த் திருச்சபையோடு இணைந்த மையம் ஒன்று அக்குழந்தைக்கு மாலை நேரப் பாடம், உணவு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றோடு வேதபாடத்தையும் அளிக்கும். இதுதான் அந்த நிறுவனத்தின் நடைமுறை. 2016 மே மாதத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் அதை முன் அனுமதி பெறவேண்டிய அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அது அனுப்பிய பணம் வங்கியோடு நின்றது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் இருந்த அதன் கூட்டாளி அமைப்புகள் வெளிநாட்டுப் பணம் பெறும் தகுதியை இழந்தன. பத்து மாதங்களில் கதை முடிந்தது.

இது பழைய செய்திதானே என்று கேட்கலாம். ஆனால், அதன் பின்னர் நடந்தவை அதே தடத்தில்தான் செல்கின்றன. 2021 கிறிஸ்துமஸ் நாளில் அன்னை தெரசா நிறுவிய சபையின் பதிவுப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் வழங்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'வேர்ல்ட் விஷன் இந்தியா'வின் பதிவு 2024 ஜனவரியில் ரத்தானது. அவ்வாண்டு ஏப்ரலில் இந்திய சுவிசேஷ ஐக்கியம், 'காசா' எனப்படும் திருச்சபைகளின் சமூக சேவை அமைப்பு உள்ளிட்ட ஐந்து அமைப்புகள் பதிவை இழந்ததாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தரப்பு 'சேவை முடக்கப்படுகிறது' என்கிறது. மறுதரப்பு 'மதமாற்றம் தடுக்கப்படுகிறது' என்கிறது. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இவ்விரு கூற்றுகளுக்கும் அடியில் இருக்கும் ஒரு சாதாரணக் கேள்வியை மட்டும் எழுப்ப விரும்புகிறேன். எந்தப் பணம் எந்த வேலையைச் செய்கிறது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம் முதன்முதலில் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல் வந்தது. 2010-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2020-இல் அது கடுமையாகத் திருத்தப்பட்டது. அத்திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டுப் பணம் முழுவதும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் வந்து சேரவேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பது அறவே தடை செய்யப்பட்டது. இந்த மூன்றாவது விதியின் பாதிப்பே பெரிது என்பது என் கருத்து. கணக்காளரும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவரும் உள்ள நகரத்து நிறுவனம் பணத்தைப் பெற்று, சிற்றூரில் பத்துப் பேரோடு இயங்கும் சிறு அமைப்புக்குக் கொடுப்பதுதான் இத்துறையின் வழக்கமாக இருந்தது. அந்தச் சங்கிலி 2020 செப்டம்பரோடு அறுந்தது.

இத்திருத்தங்கள் செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது எவருக்கும் உள்ள முழுமையான உரிமை ஆகாது என்றும் கூறியது. இதில் எனக்கு மாறுபாடு இல்லை. 2021-22-இல் மட்டும் இந்தியத் தொண்டு அமைப்புகளுக்கு ஏறத்தாழ 22 ஆயிரம் கோடி ரூபாய் வெளிநாட்டிலிருந்து வந்தது. அவ்வளவு பெரிய தொகை யாரிடமிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்காமல் எந்த அரசும் இருக்காது; இருக்கவும் கூடாது.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மதப் பணிக்கு வெளிநாட்டுப் பணம் பெறுவதை இச்சட்டம் தடுக்கவில்லை. சமூகம், கல்வி, பொருளாதாரம், பண்பாடு ஆகியவற்றோடு சமயமும் அனுமதிக்கப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. ஆசை காட்டியோ வற்புறுத்தியோ மதம் மாற்றும் செயலுக்காக ஓர் அமைப்பின்மீது வழக்குத் தொடரப்பட்டிருந்தாலோ, அது தண்டிக்கப்பட்டிருந்தாலோதான் பதிவு பெறும் தகுதி போகும். ஆனால், முன் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பதற்கு வழக்கும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். நிர்வாகத்தின் முடிவு போதும். சட்டம் குற்றத்தைத் தெளிவாக வரையறுத்துவிட்டு, அதை நிரூபிக்கத் தேவையில்லாத வேறொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது.

இத்தகைய அமைப்புகளின் பணியால் பயன் உண்டா? இதற்கு நம்பிக்கையோ ஐயமோ விடையாகாது. அளந்துதான் பார்க்க வேண்டும். அளந்தும் பார்த்திருக்கிறார்கள். புரூஸ் விடிக், பால் கிளூவி, லைன் ரட்லெட்ஜ் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் கம்பேஷன் நிறுவனத்தின் திட்டத்தை இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், பொலிவியா, குவாதமாலா ஆகிய ஆறு நாடுகளில் ஆராய்ந்து, 2013-இல் 'ஜர்னல் ஆஃப் பொலிடிக்கல் எகானமி' இதழில் முடிவை வெளியிட்டனர். 10,144 பேரின் விவரங்களை அவர்கள் திரட்டினர். திட்டம் ஓர் ஊருக்கு வந்தபோது 12 வயதைக் கடந்திருந்த பிள்ளைகள் அதில் சேர முடியாது. எனவே, ஒரே வீட்டில் அண்ணன் வெளியேயும் தம்பி உள்ளேயும் இருந்தார்கள். இந்த வயது வரம்பைக் கொண்டு, திட்டத்தின் விளைவை வீட்டுச் சூழலின் விளைவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். திட்டத்தில் இருந்தவர்கள் ஓராண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தனர். உயர்நிலைக் கல்வியை முடிப்பதற்கான வாய்ப்பு 12 முதல் 18 சதவீதப் புள்ளிகள் வரை உயர்ந்திருந்தது. மேம்பாட்டுத் திட்டங்களின் மதிப்பீடுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இவை சிறிய எண்கள் அல்ல என்பது தெரியும்.

அப்படியானால் மதபோதனையின் பங்கு என்ன? அதையும் சோதித்தவர்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் 'இன்டர்நேஷனல் கேர் மினிஸ்ட்ரீஸ்' என்ற சுவிசேஷ அமைப்பு பரம ஏழைக் குடும்பங்களுக்கு நடத்தும் பயிற்சியில் வேதபாடமும், உடல்நலம், வாழ்வாதாரம் பற்றிய பாடங்களும் கலந்திருக்கும். கரெத் பிரையன், ஜேம்ஸ் சோய், டீன் கார்லன் மூவரும் இந்த அமைப்பின் இசைவோடு அவற்றைப் பிரித்தனர். சில ஊர்களுக்கு வேதபாடம் உண்டு, சில ஊர்களுக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். 2021-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பயிற்சி முடிந்த ஆறு மாதங்களில் வேதபாடம் கேட்ட குடும்பங்களில் இறைப்பற்றும் கூடியிருந்தது, வருமானமும் கூடியிருந்தது. ஆனால் நுகர்வு, உணவுப் பாதுகாப்பு, வாழ்க்கை நிறைவு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தங்கள் பொருளாதார நிலை மற்றவர்களைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணமும் அவர்களிடம் வளர்ந்திருந்தது. முப்பது மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, இறைப்பற்றின் தீவிரத்தில் இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆயினும் கத்தோலிக்கர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் குறைந்து, புராட்டஸ்டன்ட் என்று சொல்லிக்கொள்வோர் கூடியிருந்தனர்.

இந்த முடிவை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. போதனை சமய அடையாளத்தை மாற்றக்கூடும். அது நடக்கவே நடக்காது என்று சுவிசேஷ அமைப்புகள் சாதிப்பதில் பொருளில்லை. ஏழைகளை இயேசுவின் பெயரால் வறுமையிலிருந்து விடுவிப்பதே தன் நோக்கம் என்று கம்பேஷன் வெளிப்படையாகவே சொல்லிவந்தது. அதே சமயம், போதனை கேட்டவரெல்லாம் மாறிவிடுகின்றனர் என்பதும் உண்மை அல்ல. நான் பணியாற்றிய கல்லூரியில் இப்படிப்பட்ட மையத்தில் மாலைப் பாடம் படித்து வந்த மாணவர்கள் ஆண்டுதோறும் இரண்டொருவர் இருப்பார்கள். அவர்களுள் ஒருவன் வேதபாட வகுப்பில் கற்ற பாடல்களை நன்றாகப் பாடுவான். ஆடி மாதம் குலதெய்வக் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு விடுப்புக் கேட்டும் வருவான். அவனைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஆனால், நம் நாட்டு ஏழைக் குடும்பங்கள் தமக்கு வருவதில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தாமே முடிவு செய்யத் தெரிந்தவை என்பதை நினைவூட்ட அவன் போதும். 1951-இல் இந்திய மக்கள்தொகையில் கிறிஸ்தவர் 2.3 சதவீதம், 2011-லும் 2.3 சதவீதமே. (மதம் மாறிய தலித்துகள் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் இனத் தகுதியை இழப்பதால், கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிவு செய்யத் தயங்குவோரும் உண்டு. அதைச் சேர்த்தாலும் மேடைகளில் சொல்லப்படும் எண்களுக்கு அருகில்கூட வராது.)

பணத்தைக் கையாள்வதில் இந்த அமைப்புகள் எல்லாம் ஒரே தரத்தவை என்றும் நான் சொல்லமாட்டேன். கேரளத்தைச் சேர்ந்த கே.பி. யோகன்னான் நிறுவிய 'காஸ்பல் ஃபார் ஏஷியா' வெளிநாட்டு நன்கொடை பெறுவதில் ஒருகாலத்தில் முன்வரிசையில் இருந்தது. கொடுத்த பணம் சொன்ன நோக்கத்துக்குச் செலவாகவில்லை என்று அமெரிக்க நன்கொடையாளர்களே வழக்குத் தொடுத்தனர். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 3.7 கோடி டாலர் தந்து 2019-இல் அந்த வழக்கை அது சமரசம் செய்துகொண்டது. அதற்கு முன்பே, 2015-இல், அமெரிக்க சுவிசேஷ அமைப்புகளின் நிதிப் பொறுப்பைக் கண்காணிக்கும் கூட்டமைப்பு அதை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியிருந்தது. 2017-இல் அதைச் சார்ந்த இந்திய அமைப்புகளின் பதிவும் ரத்தானது. இங்கே சட்டம் செய்ய வேண்டிய வேலை இருந்தது.

இப்போது நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். மதப்பரப்புக்கான பணம் எங்கிருந்து வருகிறது? டாலரிலிருந்து என்பதே பொதுவான எண்ணம். தமிழ்நாட்டின் தென்கோடியை அறிந்தவர்களுக்கு இது முழு உண்மை அல்ல என்பது தெரியும். 1903-இல் பாளையங்கோட்டையில் 'இந்திய மிஷனரி சங்கம்' தொடங்கப்பட்டது. அதை முன்னின்று அமைத்தவர் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா. வெள்ளையர் பணம் வேண்டாம், நம் ஊர்க்காரர் காணிக்கையே போதும் என்பது அச்சங்கத்தின் அடிப்படை. நிஜாமின் ஆட்சியில் இருந்த தோர்னக்கல்லுக்கு நெல்லைச் சீமையின் காசில் ஊழியர்கள் அனுப்பப்பட்டனர். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்க்கும் பழக்கம் அப்பகுதிப் பெண்களிடம் இருந்தது. மிசோரத்திலும் 1910-இல் இதே பழக்கம் தொடங்கி இன்றும் தொடர்கிறது. அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அந்தப் பிடி அரிசி ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாக மாறுகிறது. வெளிமாநிலங்களில் பணிபுரியும் அதன் ஊழியர்களுக்கு அதுவே சோறு போடுகிறது. தமிழகக் கிறிஸ்தவ இளைஞர்களின் ஜெபக் குழுக்களிலிருந்து வளர்ந்து வட மாநிலப் பழங்குடிப் பகுதிகளில் பணிபுரியும் 'பிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட்' போன்ற அமைப்புகளும் ஆசிரியர்கள், எழுத்தர்கள், செவிலியர்கள் தரும் மாதக் காணிக்கையில் நடப்பவையே. தனித்து இயங்கும் பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவற்றின் ஆதாரம் விசுவாசிகளின் தசமபாகம்.

தன் மதத்தைப் பரப்ப ஒருவர் தன் சம்பளத்திலிருந்து தருவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மறுபுறம், மாலைப் பாடசாலை, குழந்தை ஆதரவு, மருத்துவ முகாம் போன்றவற்றுக்கு உள்ளூர்க் காணிக்கை தாராளமாக வருவதில்லை. விசுவாசி ஆத்தும ஆதாயத்துக்குத் தருவான். அயலூர்க் குழந்தையின் கணக்கு நோட்டுக்கு அதே ஆர்வத்தோடு தருவதில்லை. (இது கிறிஸ்தவர்களின் தனிக் குணமும் அன்று. கோயில் கோபுரத் திருப்பணிக்கு வரும் நன்கொடை, கோயில் நடத்தும் பள்ளிக்கு வருவதில்லையே.) வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பகுதி சபை கட்டடங்களுக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் போவது உண்மைதான். எனினும் பெரிய அமைப்புகளின் பணம் பெரிதும் சேவையையே தாங்குகிறது. ஆக, மதமாற்றத்தை நினைத்து டாலரை நிறுத்தினால், நிற்பது மாலைப் பாடசாலை; பிடி அரிசியில் நடக்கும் ஊழியம் அப்படியே தொடர்கிறது. குறி வைத்த இடம் ஒன்று, அம்பு தைத்த இடம் வேறொன்று.

வெளிநாட்டுப் பணம் நின்றால் உள்நாட்டுப் பணம் அந்த இடத்தை நிரப்பும் என்று சில நண்பர்கள் சொல்கின்றனர். கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2023-24-இல் அத்தொகை 30 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆனால், அது தொழிற்சாலைகள் உள்ள மாநிலங்களையும் மாவட்டங்களையும் சுற்றியே வருகிறது. மதப் பெயர் தாங்கிய அமைப்புக்குக் கொடுத்து வம்பில் மாட்டிக்கொள்ள எந்த நிறுவனமும் விரும்பாது. வேர்ல்ட் விஷன் போன்ற அமைப்புகள் இந்தியரிடமும் நிதி திரட்டத் தொடங்கியிருந்தன. அது சரியான திசை. கொடுக்கும் நாட்டின் அரசியலும் நிலையானதன்று. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை முதல் நாளோடு 'யுஎஸ்எய்டு' என்ற அமைப்பே இல்லாமல் போனது. அமெரிக்க அரசின் மானியத்தைச் சார்ந்திருந்த சுவிசேஷ அமைப்புகள் தம் ஆதரவாளர்கள் பெருவாரியாக வாக்களித்த அதிபரின் கையெழுத்தாலேயே ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தது. கடல் கடந்து வரும் பணம் தில்லியில் மட்டும் நிற்பதில்லை, வாஷிங்டனிலும் நிற்கும்.

பணம் நின்ற பிறகு குழந்தைகளின் நிலை என்ன என்பதுதான் எவரும் பேசாத பகுதி. பதிவு ரத்தானால் வெளிநாட்டுப் பணமும் அதில் உருவான சொத்துகளும் அரசு குறிப்பிடும் அதிகாரியின் வசமாகும் என்று சட்டத்தின் 15-ஆவது பிரிவு கூறுகிறது. பொதுநலன் கருதி அந்த அமைப்பின் பணிகளை அவர் சிறிது காலம் நடத்தலாம் என்றும் கூறுகிறது. 'நடத்தலாம்' என்றுதான் இருக்கிறது, 'நடத்த வேண்டும்' என்று இல்லை. கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் பொறுப்பாளர் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இல்லை.

ஒரு சிறு கணக்கு. கம்பேஷன் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 கோடி டாலரை இந்தியாவுக்கு அனுப்பிவந்தது. அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 300 கோடி ரூபாய். குழந்தை ஒன்றுக்கு மாதம் 1,700 ரூபாய் வருகிறது. அதே காலத்தில் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், குடும்பத்தோடு வாழும் நலிந்த குழந்தைக்கான நிதி ஆதரவு மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. அத்திட்டம் 'மிஷன் வாத்சல்யா' என்று பெயர் மாறி, 2022 முதல் மாதம் 4,000 ரூபாய் வழங்குகிறது. 1,45,000 குழந்தைகளையும் அன்றைய விகிதத்தில் அரசே ஏற்றிருந்தால் ஆண்டுக்கு 348 கோடி ரூபாய் ஆகியிருக்கும். அனைவரும் அதற்குத் தகுதி பெறமாட்டார்கள். தந்தையை இழந்தோர், கைவிடப்பட்டோர், பெற்றோர் தீரா நோயாளிகளாக உள்ளோர் ஆகியோருக்கே அதில் முன்னுரிமை, குடும்ப வருமான வரம்பும் உண்டு. ஆனால், அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருந்தவர்களில் கணிசமானோர் இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பர்.

ஓர் அமைப்பின் பதிவை ரத்து செய்யும் ஆணையில் இரண்டு செய்திகள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று விதிகளில் சேர்க்கலாம். முதலாவது, எந்தச் செயலுக்காக இந்த நடவடிக்கை என்பதற்கான காரணம், எவரும் படிக்கும்படி. இரண்டாவது, பயனாளிகளின் பட்டியல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் ஒப்படைக்கப்பட்ட தேதி. பட்டியல் தயாரிப்பதும் கடினமில்லை. ஆதரவாளர் முறையில் இயங்கும் அமைப்பிடம் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வயதும் படமும் ஊரும் எப்போதும் இருக்கும். அவற்றைக் காட்டித்தான் அது வெளிநாட்டில் பணமே திரட்டுகிறது. 2017 மார்ச் 15 அன்றும் அவை ஒரு கணினியில் இருந்தன. மாவட்ட ஆட்சியர் கேட்டிருந்தால் ஒரே நாளில் கிடைத்திருக்கும்.